மனை காலியாவதற்குள் இச்சி, காகிதப்பூ, புளி: தோண்டி எடுத்துப் போன்சாய்க்குப் பிழைக்க வைப்பது எப்படி?

அரியாங்குப்பத்தான் (அக்டோபர் 6, காலை)

வணக்கம். புதுச்சேரி பக்கம் அரியாங்குப்பத்தில் பழைய வீடு ஒன்றை இடித்துவிட்டார்கள். 10 நாளில் ஜேசிபி வந்து மீதியையும் வழித்துவிடும். மனைக்காரர் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். போன்சாய்க்குத் தேறும் என்று தோன்றுவது மூன்று.

கல் இச்சி (ஆல், அரசு இனம்): கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் முளைத்தது. அடிமரச் சுற்றளவு 30 செ.மீ. வேரில் பாதி சுண்ணாம்புக் காரைக்குள்.
காகிதப்பூ: வேலியோரம், அடியில் 11 செ.மீ. குறுக்களவு, மேலே ஒரே புதர்.
புளி: 6 செ.மீ. குறுக்களவு, 2 மீட்டர் உயரம்.

மண் மணல் கலந்த வண்டல். வைக்கப்போவது மொட்டைமாடியில். தண்ணீர் போர் தண்ணீர். மழைக்கு முன்னாலா பின்னாலா என்று யோசிக்க நேரமில்லை. எப்படி எடுத்தால் பிழைக்கும்?

கெடிலக்கரை

தம்பி, மூணையும் ஒரே கடப்பாரையால ஒரே மாதிரி தோண்டினா இச்சி மட்டும் பிழைக்கும். மத்த ரெண்டும் அடுப்புக்குத்தான்.

புளியை முதல்ல சொல்லிடறேன். அதை எடுக்கறதா விடறதான்னு தோண்டறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். புளிக்கு ஆணிவேர் நேரா கீழே இறங்கும். சாதாரணமா ஒரு பக்கம் அரைவட்டமா பள்ளம் வெட்டி, வேரை அறுத்து, பள்ளத்துல மணலும் தென்னைநார்த் தூளும் நிரப்பி, ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறு பக்கம் வெட்டுவாங்க. அதுக்கும் ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் தூக்குவாங்க. உங்களுக்கு 10 நாள்தான் இருக்கு. அதனால அடிமரத்தைச் சுத்தி மேல் மண்ணை 15 செ.மீ. ஆழத்துக்குக் களைக்கொத்தால மெதுவா ஒதுக்கிப் பாருங்க. பென்சில் தடிமனுக்குக் குறையாத பக்கவேர் நாலாவது இருந்து, அதுங்க நுனியில சல்லிவேரும் தெரிஞ்சா எடுங்க. ஆணிவேர் மட்டும் கேரட் மாதிரி இறங்கியிருந்தா மண்ணைத் திரும்ப மூடிட்டு வந்துடுங்க, அந்த மரம் வேணாம்.

எடுக்கறதா இருந்தா மண் உருண்டை அகலம் அடிமரக் குறுக்களவைப் போல 5 மடங்கு. உங்களுக்கு 30 செ.மீ. ஆச்சு. ஆழம் 20–25. உங்க மண்ணு மணல் மண்ணு, உருண்டை நிக்காது. அதனால வரிசை மாறக் கூடாது: ரெண்டு நாள் முன்னாடி நல்லாத் தண்ணி விடுங்க. சுத்திப் பள்ளம் எடுத்துப் பக்கவேரை வெட்டுங்க. ஈரச் சாக்கை உருண்டையைச் சுத்திப் போர்த்தி சணல் கயிறால இறுக்கிக் கட்டுங்க. *அதுக்கப்புறம்தான்* ஆணிவேரை அறுக்கணும். ஆணிவேரை முதல்ல அறுத்துட்டு மரத்தைப் புடிச்சுத் தூக்கினா மண்ணு பொலபொலன்னு கொட்டும், கூடவே சல்லிவேரும் போயிடும். புளிக்கு மிச்சம் இருக்கறதே அந்தச் சல்லிவேர்தான்.

இலையில மூணுல ஒரு பங்கு விட்டு வைங்க. மொட்டையா அடிக்காதீங்க.

ரம்பக்காரன்

கடப்பாரையால் வேரை நெம்பாதீர்கள், இதை மட்டும் நானும் அடித்துச் சொல்கிறேன். நெம்பிய வேர் ஒரு இடத்தில் முறியாது. நார் நாராகக் கிழிந்து உள்ளுக்குள் ஒரு சாண் தூரம் வரை பட்டை கழன்றுவிடும். வெளியில் பார்த்தால் முழுசாகத் தெரியும். மழையில் அங்கிருந்துதான் அழுகும். கடப்பாரை மண்ணைத் தளர்த்த மட்டும். விரல் தடிமன் வரை கத்தரிக்கோல், அதற்கு மேல் மடக்கு ரம்பம். அறுத்த முகத்தைக் கூரான கத்தியால் ஒருமுறை வழவழப்பாகச் சீவி விடுங்கள். சொரசொரப்பான வெட்டில் புது வேர் வரத் தாமதமாகும்.

இச்சிக்குச் சுத்தியும் உளியும் எடுத்துப் போங்கள். சுவர் எப்படியும் இடிபடப் போகிறது, அதனால் மரத்தை இழுக்காமல் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுங்கள். வெடிப்பில் வளர்ந்த வேர் தட்டையாக, பலகை மாதிரி இருக்கும். தொட்டியில் வைத்த பிறகு மேலே தெரியும் வேர்ப் பரப்புக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஒட்டியிருக்கும் காரையைக் கத்தியால் சுரண்ட வேண்டாம், பட்டையும் சேர்ந்து வரும். வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போகிறது போகும். மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

பால் வடியும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு 10 நிமிடம் நிழலில் வைத்தால் நின்றுவிடும்.

கெடிலக்கரை

சரியாச் சொன்னீங்க. இச்சியை எந்த உயரத்துல அறுக்கணும்னு சொல்ல விட்டுட்டேன். அடிமரம் கிட்டத்தட்ட 9.5 செ.மீ. குறுக்களவு வருது. மரம் கடைசியில எவ்வளவு உயரம் இருக்கணும்னு நெனைக்கிறீங்களோ அதுல பாதியில, அதாவது 25–30 செ.மீ.ல, அறுத்துடலாம். ஆனா குறிப்பிட்ட இடத்துக்கு 4 செ.மீ. மேலே அறுங்க. இச்சி வெட்டுன இடத்துல இருந்து கீழ்நோக்கிக் கொஞ்சம் காயும். காய்ஞ்சு நின்ன பிறகு மிச்சத்தை எடுத்துக்கலாம். இலை அத்தனையும் எடுத்துடுங்க. ஆல், அரசு, அத்தி வகைக்கெல்லாம் இது தாங்கும்.

காகிதப்பூ வேற கதை. அதோட வேர் பச்சை முருங்கைக் கிளை மாதிரி, தொட்டா ஒடியும். அடிமரத்தைப் புடிச்சு ஆட்டவே கூடாது. நடுவுல இருந்து 30 செ.மீ. தள்ளிச் சுத்திப் பள்ளம். கீழே இருந்து மண்வெட்டியைச் செருகி, பலகை மேல ஏத்தித் தூக்கணும். மேலே 40–50 செ.மீ. விட்டு எல்லாத்தையும் அறுங்க, இலை ஒண்ணு கூட வேணாம். மண்ணு முழுக்க உதிர்ந்தாலும் பயப்பட வேணாம். முத்துன அடிக்கட்டை, வெட்டி நட்ட போத்து (கிளைத்துண்டு) மாதிரியே வேர் விடும். அதுக்கு எதிரி ஈரம். மரம் மிருதுவா இருக்கறதால வெட்டுன முகத்துல தண்ணி நின்னா உள்ளே அழுகிக் குழாயா ஆயிடும். வேர் வெட்டை நிழல்ல ஒரு மணி நேரம் காய விட்டு நடுங்க. தண்டு வெட்டுக்குக் கட்டாயம் பூச்சு வேணும்.

அரியாங்குப்பத்தான்

அண்ணே, மிக்க நன்றி. பூச்சுக்கு என்ன? மஞ்சள்தூள், சாணம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மண் கலவையும் சொல்லுங்கள்.

பச்சைக்கை

மாட்டுச்சாணம் நல்லா மக்கினது பாதி, செம்மண் பாதி, ஒரு ஸ்பூன் டிஏபி. வேர் சீக்கிரம் பிடிக்கும். நர்சரியில எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க.

செம்மண்

நர்சரிப் பையில் வளரும் கன்றுக்கு முழு வேர் இருக்கிறது. இங்கே வேர் முக்கால்வாசி இல்லாத மரத்தைப் பற்றிப் பேசுகிறோம். உரம் உப்பு. சல்லிவேர் இல்லாத மரத்தின் அடியில் உப்பு கூடினால் மரம் தண்ணீரை இழுப்பதற்குப் பதில் மண் மரத்திடமிருந்து இழுக்கும். டிஏபி வேண்டவே வேண்டாம். சாணமும் முதல் இரண்டு மாதத்துக்கு வேண்டாம். வெட்டுப்பட்ட வேருக்குப் பக்கத்தில் மக்கும் பொருள் இருந்தால் பூஞ்சைக்கு விருந்து.

கலவை: செங்கல் ஜல்லி 3 பங்கு, கொரமணல் 2 பங்கு, கழுவிய தென்னைநார்த் தூள் 1 பங்கு. காகிதப்பூவுக்குத் தென்னைநாரைப் பாதியாகக் குறைக்கவும். ஜல்லி 3 முதல் 6 மி.மீ.க்குள். சூளையில் உடைந்து கிடக்கும் நன்கு வெந்த செங்கல் வேண்டும். வேகாத கல் ஒரு மழையில் களிமண்ணாகிவிடும். தண்ணீரில் ஒரு இரவு போட்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் சரிதான், ஆனால் அதில் மாவு அதிகம். 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கீழே விழுவதைத் தூக்கிப் போட்டு, மேலே நிற்பதைக் கழுவிக்கொள்ளவும். இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டால் மற்ற எல்லாம் வீண். மாவு ஜல்லி இடுக்கை அடைத்துக்கொள்ளும், காற்று போகாது. கடற்கரை மணலை மறந்துவிடுங்கள். தென்னைநார்க் கட்டியிலும் உப்பு உண்டு, மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழியவும்.

செம்மண் என்ற பெயரில் எழுதிக்கொண்டு செம்மண்ணே சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். வானூர்ப் பக்கத்துச் செம்மண் தரையில் நல்ல மண். 15 செ.மீ. ஆழத் தொட்டியில் தினம் தண்ணீர் பட்டால் இறுகிச் சாணி உருண்டை ஆகிவிடும்.

பூச்சு: போர்டோ பசை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைக்கவும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரில். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம், இரும்பு கூடாது. இரண்டையும் கலந்தபின் பளபளப்பான கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்கவும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தடவவும். வேர் வெட்டில் இதைத் தடவ வேண்டாம்.

மொட்டைமாடி

போர் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. கடலோரம் பல இடத்தில் போர் உப்பு ஏறிக் கிடக்கிறது. டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) வைத்து அளக்கவும். 450 பிபிஎம் வரை கவலையில்லை. அதற்கு மேல் போகப் போகத் தொட்டியில் உப்புப் படியும். 2000 தாண்டினால் இந்த மரங்களுக்கு ஊற்றவே கூடாது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரும் அதே கதைதான், இன்னும் மோசம். ஐப்பசி வருகிறது, மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வையுங்கள்.

மாடித் தளம் பகலில் சுடும். தொட்டியைத் தரையில் வைக்காதீர்கள், இரண்டு செங்கல் மேல் வையுங்கள். கரையானுக்கும் அதுவே பாதுகாப்பு. சாக்கோடு நட்டால் கரையான் சாக்கைத் தேடி வரும், நடும்போது பிரித்துவிடவும். புளிக்கு மட்டும் மண் உதிர்கிறது என்றால் அடிச்சாக்கை விட்டு வைக்கலாம்.

ரம்பக்காரன்

வண்டியில் கொண்டுபோகும்போது பாதி மரம் செத்துவிடும். குட்டியானை (மினி லாரி) பின்னால் திறந்து வைத்து 20 நிமிடம் ஓட்டினால் அந்தக் காற்று போதும். ஈரச் சாக்கு, அதன் மேல் பாலிதீன், மொத்தத்துக்கும் தார்ப்பாய். தோண்டுவதை மாலை 4 மணிக்குத் தொடங்கி, இருட்டும் முன் தொட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் நடலாம் என்று வாளித் தண்ணீரில் போட்டு வைப்பது இச்சிக்குத் தாங்கும், காகிதப்பூவுக்குத் தாங்காது.

கெடிலக்கரை

நடும்போது ரெண்டு விஷயம்.

தொட்டி பெரிசா வேணாம். வேர் உருண்டைக்குப் பக்கத்துக்கு 5 செ.மீ. இடம் இருந்தா போதும். வேர் எட்டாத மண்ணுல தண்ணி தேங்கி நிக்கும், அதை உறிஞ்ச ஆளில்லை. மண் தொட்டியோ, பழம் வர்ற பிளாஸ்டிக் கிரேட்டோ, எதுவா இருந்தாலும் சரி, அடியில தாராளமா ஓட்டை வேணும்.

ரெண்டாவது, மரத்தைத் தொட்டியோட கட்டணும். இதைச் செய்யாமத்தான் நிறைய மரம் போகுது. புதுசா வர்ற வேர் நுனி வெள்ளையா நூல் மாதிரி இருக்கும். காத்துல அடிமரம் ஒரு மி.மீ. அசைஞ்சாலும் அறுந்துடும். திரும்ப வரும், திரும்ப அறும். மூணு மாசத்துல சேத்து வச்ச சக்தியெல்லாம் தீர்ந்துடும். அடி ஓட்டை வழியா கம்பி விட்டு ரெண்டு தடி வேரைக் குறுக்கா இறுக்கணும். கம்பி பட்டையில படற இடத்துல சைக்கிள் டியூப் துண்டு வைங்க. கட்டி முடிச்ச பிறகு அடிமரத்தைப் புடிச்சுத் தூக்கினா தொட்டியும் சேர்ந்து வரணும். வரலைன்னா திரும்பக் கட்டுங்க. பிறகுதான் கலவையைக் கொட்டி, மூங்கில் குச்சியால வேருக்குள்ள குத்திக் குத்தி இறக்கணும்.

செம்மண்

பருவத்தில் மட்டும் கெடிலக்கரையாரோடு எனக்கு எப்போதும் வழக்கு உண்டு. அவர் ஆடிக்காரர், நான் மாசிக்காரன். இப்போது அந்தச் சண்டைக்கு அவசியமில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த மரம் குளிரால் சாவதில்லை; நம் ஊரில் தை மாத இரவிலும் சுமார் 21 டிகிரி இருக்கும். அது சாவது நனைந்து நனைந்துதான். பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எந்தக் கலவையும் அதற்குத் தாங்காது. மழை எச்சரிக்கை வந்தால் மாடிப்படி முகப்புக்கோ சன்ஷேடு அடிக்கோ நகர்த்துங்கள்.

நகர்த்த முடியாத எடை என்றால் தொட்டியின் ஒரு பக்கம் மட்டும் ஒரு செங்கல் வைத்துச் சாய்த்துவிடுங்கள். தட்டையான தொட்டியின் அடியில் எப்போதும் ஒரு விரற்கடை நீர் தங்கி நிற்கும். சாய்த்தால் அது ஒரு மூலைக்கு ஓடி ஓட்டை வழியே இறங்கிவிடும். ஓட்டை தாழ்ந்த பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சாய்க்கவும்.

கெடிலக்கரை

ஆடியில எடுத்திருந்தா இதெல்லாம் தேவையே இல்லை, அதையும் எழுதி வைங்க.

அரியாங்குப்பத்தான்

😀 தண்ணீர், வெயில், மருந்து?

மொட்டைமாடி

நட்ட அன்று அடியில் தெளிந்த நீர் வரும் வரை ஊற்றுங்கள். அடுத்தது மேல் மண் 2 செ.மீ. காயத் தொடங்கிய பிறகு. தினம் காலை ஒரு டம்ளர் என்று கணக்கு வைக்காதீர்கள், விரலை விட்டுப் பாருங்கள். 50 சதவீத நிழல்வலை. வீட்டுக்குள் வைக்கக் கூடாது, வெளிச்சம் இல்லாமல் வேரும் வராது. இச்சிக்கு மட்டும் ஒரு தெளிவான பாலிதீன் பையை மரம் முழுக்கக் கவிழ்த்துத் தளர்வாகக் கட்டலாம். பட்டை காயாது, துளிர் கீழேயும் வரும். தினம் 10 நிமிடம் திறந்து விடுங்கள். நேர் வெயில் பட்டால் பைக்குள் மரம் இட்லி மாதிரி வெந்துவிடும்.

மருந்து: சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) லிட்டருக்கு 10 கிராம், நட்ட மறுநாள் ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை. அழுகல் வாடை வந்தால் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 1 கிராம். டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சை போட்டிருந்தால் கார்பன்டாசிம் ஊற்றக் கூடாது, போட்ட பூஞ்சையையே அது கொன்றுவிடும்.

முதுநகர்_சவுக்கு

குறுக்கே ஒரு கேள்வி. கடலூர் பக்கம் சவுக்குத் தோப்பு வெட்டும்போது குட்டை மரங்கள் கிடைக்கின்றன. இதே முறைதானா?

ரம்பக்காரன்

இல்லை. சவுக்கை மொட்டையாக அறுத்தால் திரும்பத் துளிர்ப்பது அபூர்வம். ஒவ்வொரு கிளையிலும் பச்சை இருக்க வேண்டும். வேரையும் கழுவாதீர்கள். வேர் முடிச்சில் காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் இருக்கிறது. பழைய மண்ணில் இரண்டு கை அளவு புதுத் தொட்டியில் சேரட்டும்.

செம்மண்

தோப்பு என்றால் தோப்புக்காரரைக் கேட்டு எடுங்கள். காப்புக்காடு, ஆற்றுப் புறம்போக்கு பக்கமே போக வேண்டாம். புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு மாதிரியான இடங்களில் வீரை, காசான், குருந்து எல்லாம் போன்சாய் மாதிரியே நிற்கும், கை அரிக்கும். அங்கே ஒரு குச்சி கூட ஒடிக்கக் கூடாது.

அரியாங்குப்பத்தான் (நவம்பர் 8)

மூன்றும் எடுத்து 26 நாள். புளியில் பக்கவேர் ஐந்து இருந்தது, எடுத்தாயிற்று. இச்சியில் எட்டு இடத்தில் துளிர், ஒன்று விரல் நீளம்! பையைக் கழற்றி வெயிலில் வைத்து உரம் தொடங்கலாமா? காகிதப்பூ அப்படியே கட்டையாக நிற்கிறது. புளி இலை பகல் 11 மணிக்கே மூடிக்கொள்கிறது.

கெடிலக்கரை

பொறுங்க தம்பி. அது பொய்த்துளிர். அடிமரத்துல சேத்து வச்ச மாவுச்சத்து இருக்கே, அதுல இருந்து வர்றது. வேரே இல்லாம வெட்டிப் போட்ட பூவரசங் கட்டையும் துளிர்க்கும், பார்த்திருப்பீங்க. இப்ப வெயில்ல வச்சா இலை கேக்கற தண்ணியைக் குடுக்க வேர் இருக்காது. நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு சுருங்கிப் போச்சுன்னு அடுத்த மாசம் எழுதுவீங்க. முதல் இலை முத்திக் கரும்பச்சை ஆகி, கொஞ்ச நாள் நின்னு, *ரெண்டாவது* தடவை துளிர் விடணும். அடி ஓட்டையில வெள்ளை வேர் நுனி தெரியணும். அதுக்கப்புறம் பையில விரல் நுழையற மாதிரி ரெண்டு ஓட்டை போடுங்க, நாலு நாளைக்கு ஒருதரம் ஓட்டையைக் கூட்டுங்க, 15 நாள்ல எடுத்துடலாம். உரம் அதுக்குப் பிறகு, பாக்கெட்டுல சொன்ன அளவுல கால்வாசி. கிளை எதையும் இப்ப கிள்ளாதீங்க, எட்டும் வளரட்டும்.

புளி பகல்ல இலையை மூடுதுன்னா தண்ணி பத்தலைன்னு அர்த்தம், ஆனா மண்ணு ஈரமா இருக்கும், தொட்டுப் பாருங்க. ஈரமா இருந்தா ஊத்தாதீங்க. நிழலைக் கூட்டி, காலை மாலை இலை மேல தண்ணி தெளிங்க. இலையெல்லாம் கொட்டினாலும் தூக்கிப் போடாதீங்க.

ரம்பக்காரன்

காகிதப்பூவை நகத்தால் கீறிப் பாருங்கள், மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. மேலே பழுப்பு, நடுவில் பச்சை என்றால் பச்சை தொடங்கும் இடத்துக்கு 3 செ.மீ. மேலே அறுத்துப் போர்டோ பசை தடவுங்கள். கீறுவதை வாரம் ஒருமுறை செய்யாதீர்கள். பழைய கட்டை இரண்டு மாதம் கூடச் சும்மா நிற்கும். தோண்டி வேர் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள், பார்த்தால் வந்ததும் போகும்.

அரியாங்குப்பத்தான் (ஜனவரி 19)

காகிதப்பூ அடியில் மூன்று சிவந்த முளை. இச்சி இரண்டாம் துளிர், ஓட்டையில் வேர். புளி இலை கொட்டி மூன்று வாரமாக ஒன்றுமில்லை, கீறினால் அடியில் மட்டும் பச்சை. இச்சிக் கிளைக்குக் கம்பி சுற்றலாமா?

கெடிலக்கரை

இச்சிக்குக் கம்பி வேணாம். இப்ப கிளை வளையும், ஆனா சுத்தும்போது மரம் அசையும். ஆனி வரைக்கும் சும்மா வளரட்டும், அதுக்குள்ள கிளை அடி பென்சில் தடிமனாகும். காகிதப்பூ முளை மூணையும் விட்டு வைங்க, மழையும் விட்டாச்சு, இனி காலை வெயில் படலாம். புளியை அந்த நிழல்லயே வச்சு மண்ணு காயற வரைக்கும் தண்ணியை நிறுத்துங்க. மாசி கடைசியில ஒருதரம் அடியில கீறிப் பாத்துட்டுச் சொல்லுங்க.